விரும்பிக் கேட்பவர்

ஃபோன் செய்து டேபிள் ரிசர்வ் பண்ணுகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். நம்மவர் முதலில் கேட்பது, "இன்னிக்குப் பாடறது யாரு?" அடுத்த கேள்வி, "பழசு பாடுவாரா?" சைவம் கிடைக்குமா, கார் நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் வீட்டு அம்மாள் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தால் உண்டு.

சென்னையில் லைவ் மியூசிக்கோடு சாப்பாடு போடுகிற நட்சத்திர ஹோட்டல் எதற்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்து மகனிடம் ஒப்படைத்தவராக இருப்பார், இல்லாவிட்டால் வங்கியில் ஏஜிஎம்மாக ரிட்டயர் ஆனவராக இருப்பார். மகள் டல்லாஸிலிருந்து வாங்கிவந்த டி-சர்ட் தோளில் ஒரு அங்குலம் இறங்கியிருக்கும். அதில் பை இல்லாததால், பேனாவைக் கழுத்துப் பட்டனுக்கு நடுவில் செருகியிருப்பார். இந்தக் காலத்தில் ஹோட்டலுக்குப் பேனாவோடு போகிற ஆசாமி இவர் ஒருவர்தான்.

மேடைக்கு முன்னால் உள்ள மேஜையைக் கொடுத்தால் வாங்க மாட்டார். ஸ்பீக்கர் காதைப் பிளக்கும். ஓரத்து மேஜையும் ஆகாது, பாடுகிறவர் கண்ணில் படாது. இரண்டாவது வரிசையில் நடு மேஜை, பாடகர் தலை நிமிர்ந்தால் நேரே தெரிகிற மேஜை, அதுதான் வேண்டும். அதன்மேல் வேறு யார் பெயருக்கோ 'ரிசர்வ்டு' அட்டை இருந்தாலும் கவலைப்பட மாட்டார். கேப்டன் பையனைக் கூப்பிட்டு, எந்த ஊர், கேட்டரிங் எங்கே படித்தாய், தரமணியா, அப்படியா என்று பத்து நிமிஷம் நின்றபடியே விசாரிப்பார். பின்னால் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வழிக்காகக் காத்து நிற்கும். கடைசியில் அந்த அட்டை வேறு மேஜைக்குப் போய்விடும்.

உட்கார்ந்ததும் சீட்டு.

பாட்டுக்குச் சீட்டு அனுப்புவதில் நேற்று முளைத்தவர்கள் டிஷ்யூ பேப்பரில் எழுதுவார்கள். பால்பாயின்ட் பேனா முதல் எழுத்திலேயே ஓட்டை போடும், மூன்றாவது எழுத்துக்குத் தாள் இருக்காது. டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டை பரவாயில்லை, ஆனால் ஈரம். நம்மவர் வீட்டிலிருந்தே தாள் கொண்டுவருவார். தினசரி காலண்டரில் அன்றன்றைக்குக் கிழித்த தாள்களைச் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், எந்த நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். பின்பக்கம் வெள்ளை. அதில் மணிமணியான எழுத்தில் எழுதுவார்: மேஜை எண் 7. படம், மௌன ராகம். பாடியவர், எஸ். ஜானகி. விரும்பிக் கேட்பவர்கள்...

அதற்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது. இவர் பெயர், மனைவி பெயர், மகன், மருமகள், டல்லாஸ் மகள், மாப்பிள்ளை, பேரன், சிங்கப்பூர்த் தம்பி 'மற்றும் குடும்பத்தினர்'. ஊர், லால்குடி, தற்போது அண்ணா நகர் மேற்கு. சிங்கப்பூர்த் தம்பி அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஆனாலும் பட்டியலில் இடம் உண்டு.

1970-களிலும் 80-களிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் பூர்வீகம் தெரியும். ரேடியோவில் நேயர் விருப்பம். பாட்டு மூன்று நிமிஷம் என்றால், பெயர் வாசிப்பு ஒரு நிமிஷம். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவோ பி.எச். அப்துல் ஹமீதோ உச்சரித்துவிட்டால் எந்த மொட்டைப் பெயருக்கும் ஒரு எடுப்பு வந்துவிடும். நம்மவர் அப்போது பாலிடெக்னிக் மாணவர். திருச்சி வானொலிக்கும் விவித பாரதிக்கும் 15 பைசா கார்டுகளாக எழுதித் தள்ளினார். தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் பெயர் வந்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற பையன் பெயர் வந்தது. இவர் பெயர் வரவே இல்லை. ஒரே ஒரு தடவை வந்ததாம். அந்த நேரம் பார்த்து லால்குடியில் கரண்ட் இல்லை. புள்ளம்பாடி அத்தை பையன் கேட்டேன் என்று வந்து சொன்னான். அவனை இன்றுவரைக்கும் இவர் முழுசாக நம்பவில்லை.

அந்த 15 பைசாக் கணக்கைத்தான் இப்போது பத்தாயிரம் ரூபாய் கொடுத்து நேர் செய்கிறார். இது தெரிந்துவிட்டால் பிறகு அவர் செய்கிற எதுவும் நமக்கு விசித்திரமாகப் படாது. பட்டர் நானுக்கும் பனீர் டிக்காவுக்கும் அவர் காசு கொடுக்கவில்லை. கையில் மைக் வைத்திருக்கிற ஒருவர் அவர் பெயரைச் சொல்ல வேண்டும், நாலு மேஜைக்காரர்கள் யாரது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பனீர் டிக்கா அதற்குத் தொடுகறி. புலவர்கள் வள்ளல்களுக்குச் சீட்டுக்கவி அனுப்பிய நாடு இது. பாரதியேகூட 1919-ல் எட்டயபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார். இன்றைக்குத் தபால் எதிர்த்திசையில் போகிறது. வள்ளல் எழுதுகிறார், பாடுகிறவர் வாங்கிப் படிக்கிறார்.

கையில் கொஞ்சம் சரித்திரமும் வைத்திருப்பார். "தம்பி, உஷா உதூப்பை நான் நைன் ஜெம்ஸ்ல நேர்ல கேட்டவன்" என்பார் கேப்டனிடம். மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் அப்படி ஒரு நைட் கிளப் இருந்தது உண்மை. 1969-ல் உஷா அங்கே புடவை கட்டிக்கொண்டு மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடித்தான் தொழிலைத் தொடங்கினார் என்பதும் உண்மை. பிறகு கல்கத்தா டிரிங்காஸ், அங்கிருந்து சினிமா. 'அஞ்சலி' படத்தில் அந்தக் கணீர்க் குரலைக் கேட்டிராத தமிழர் குறைவு. அந்த 1969-ல் நம்மவர் லால்குடியில் இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம். கேப்டனுக்கு வயது இருபத்தாறு. அவனுக்கு இதெல்லாம் ராஜராஜ சோழன் காலத்துச் சமாசாரம். "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டு, "தண்ணி மினரலா சார், ரெகுலரா?" என்று கேட்பான். "ரெகுலர்" என்று அந்த அம்மாள் முந்திக்கொண்டு சொல்வார். அன்றைய இரவில் அந்தக் குடும்பத்துக்குச் சேமிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது அந்த ஒரு வார்த்தைதான்.

கன்னிமரா ஹோட்டலின் 'ரெயின் ட்ரீ' உணவகத்தில் திறந்தவெளியில் செட்டிநாட்டுச் சாப்பாடும் பரதநாட்டியமும் கூடவே நடந்த காலம் ஒன்று உண்டு. ரெயின் ட்ரீ என்பது நம்ம ஊர்த் தூங்குமூஞ்சி மரம். பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொண்டு உறங்கப் போய்விடும். அதன் அடியில் போய்ச் சலங்கை கட்டி ஆட வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். நம்மவர் அங்கே ஒரு முறை போனார். ஆடுகிற பெண்ணிடம் சீட்டுக் கொடுக்க வழியில்லை, கொடுத்தாலும் அவள் பெயர் வாசிக்க முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

இவர் பாட்டுக் கேட்கிற அழகைத் தனியாகப் பார்க்க வேண்டும். இதே மனிதர் மார்கழி சீசனில் சபாவுக்குப் போவார். அங்கே மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்துக்குக் கையை உதறியதும் முதல் ஆளாக எழுந்து கேண்டீனுக்குப் போவார். காசு கொடுத்துப் பாட்டுக் கேட்கிற இடத்தில் அடை அவியலைத் தேடுகிறவர், காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் சங்கீத ரசிகர் ஆகிவிடுவார். சூப் வந்து வைத்தால், "ஷ்!" தால் மக்கனி வேண்டுமா என்று மனைவி கேட்டால், "ஷ்!" கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். தாளம் எந்தப் பாட்டுக்கு என்பதுதான் தெரியாது. நடுவில் கண்ணைத் திறந்து, "கல்யாணி!" என்று மேஜைக்குத் தீர்ப்புச் சொல்வார். எதிர்த்துப் பேச அங்கே யாரும் இல்லை. பேரன் காதில் இயர்பட்ஸ். வேறு பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மேடையில் இருக்கிற பையனைப் பற்றியும் நாலு வார்த்தை. கீபோர்டுக்காரர் ஒருவர், லேப்டாப்பில் மைனஸ் ஒன் டிராக், ஸ்டாண்டில் டேப்லெட், அதில் எந்த மொழிப் பாட்டும் வரிவரியாக ஓடும். தரையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீர் ஃப்ளாஸ்க். எட்டு மணிக்கு ஆரம்பித்து, நடுவில் இரண்டு இடைவேளை விட்டு, பதினொன்று வரை பாட வேண்டும். ஹோட்டல்காரர்கள் இவனிடம் எதிர்பார்ப்பது சுலபமான காரியம் அல்ல. பாட்டு காதில் விழவும் வேண்டும், ஆர்டர் எடுக்கிறவனுக்கு 'காரம் கம்மி' என்று சொல்வது கேட்கவும் வேண்டும். ஜனங்கள் ரசிக்க வேண்டும், ரசனையில் சாப்பிட மறந்துவிடவும் கூடாது. எந்த சபா வித்வானுக்கும் இப்படி ஒரு நிபந்தனை போட்டால் தம்புராவை உறையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இந்தப் பையன் வாரத்துக்கு ஐந்து நாள் செய்கிறான்.

சீட்டு அனுப்புகிறவர்களை அவன் வாசலில் நுழையும்போதே அடையாளம் கண்டுகொள்வான். பேனாவைப் பார்த்து. சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, படித்து, நெஞ்சில் கை வைத்துக் குனிவான். பிறகு அதை ஃப்ளாஸ்க்குக்கு அடியில் வைப்பான். அங்கே ஏற்கெனவே ஐந்து சீட்டு இருக்கும், அதில் இரண்டு 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டு ஹோட்டலைப் பற்றிய பாட்டைக் கேட்பதில் ஐ.டி. கம்பெனி மேஜைகளுக்கு என்னவோ ஒரு திருப்தி. நம்மவர் சீட்டைப் பையன் இரண்டு பக்கமும் படிப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் அவர் கேட்ட பாட்டு வரவில்லை. அந்தத் தாளின் முன்பக்கத்தில் பாடகனுடைய நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் போட்டிருந்திருக்கலாம்.

சட்டம் பேசுகிற ஒருவர் எந்த மேஜையிலும் இருப்பார். இளையராஜா பாட்டை இப்படிக் கண்ட இடத்தில் பாடலாமா, 2017-ல் எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் போகவில்லையா என்று அவர் ஆரம்பிப்பார். மேடையில் பாடினால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய ராயல்டியை வசூலிக்க ஐபிஆர்எஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, ஹோட்டல்காரர்கள் அதனிடம் உரிமம் வாங்கிவிட்டால் முடிந்தது என்று யாராவது விளக்கப் பார்ப்பார்கள். நம்மவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. "நான்தான் எழுத்துமூலமாக் குடுத்திருக்கேனே" என்று முடித்துவிடுவார்.

சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு போன இரவில் நானும் அதே மேஜையில் இருந்தேன். சம்பந்திக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. சாப்பாட்டில் குறி வைத்து உட்காருகிற மனிதர். பாட்டு, மேடை, நீல விளக்கு இதெல்லாம் அவருக்கு ஏ.சி. மாதிரி, இருந்தால் இருக்கட்டும். "நமக்கு எதுக்குங்க சம்பந்தி இத்தனை செலவு, வீட்லயே ஆகாதுங்களா" என்று ஒரு தரம் மரியாதைக்குச் சொல்லிவிட்டு, ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றைய சீட்டு விசேஷமானது. பட்டியலில் முதன்முறையாகச் சம்பந்தி குடும்பமும் ஏறியிருந்தது, எட்டாவது இடத்தில். எட்டேகாலுக்குச் சீட்டு போனது. எட்டரைக்கு ஒரு இந்திப் பாட்டு. எட்டே முக்காலுக்குக் கலிஃபோர்னியா. நம்மவர் கழுத்தை நீட்டி ஃப்ளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப் ஆறி ஆடை கட்டியது. ஒன்பது மணிக்குப் பையன் கனைத்துக்கொண்டு, "அடுத்ததாக..." என்று ஆரம்பித்தான். நம்மவர் டி-சர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

விளக்குகள் அணைந்தன. கிச்சன் கதவைத் தள்ளிக்கொண்டு ஆறு பேர் கைதட்டியபடி வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் கேக், கேக்கில் பொறி கக்குகிற ஒரு மத்தாப்பு. ஓரத்து மேஜையில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பிறந்தநாள். பாடகன் மைக்கைத் தூக்கிக்கொண்டு அந்த மேஜைக்கே இறங்கிப் போய், அவள் பெயரைக் கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பாடினான். சீட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"என்ன தம்பி இது? நாங்க எட்டேகாலுக்குக் குடுத்தது!"

"சார், பர்த்டேன்னா உடனே பண்ணிடணும் சார். கேக்கு காம்ப்ளிமென்டரி. மேனேஜர் சொல்லியிருக்காரு."

நம்மவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஃபிங்கர் பவுலில் மிதந்த எலுமிச்சைத் துண்டை உற்றுப் பார்த்தார். பிறகு கேப்டனைக் குனியச் சொல்லி, ரகசியமாக, "எங்க சம்பந்திக்கும் இன்னிக்குத்தான். அந்தச் சீட்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிடு" என்றார்.

ஐந்து நிமிஷத்தில் மறுபடி விளக்கு அணைந்தது. ஆறு பேரும் கைதட்டிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார்கள். சம்பந்தி முதலில் பக்கத்து மேஜைக்கு வழிவிடுவதற்காக நாற்காலியைத் தள்ளிக்கொண்டார். கேக் தன் முன்னால் இறங்கியதும் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், "உங்களுக்கு ஆடி மாசமில்லீங்களா?" என்றார், கேட்கும்படியாகவே. அது மாசி மாதம்.

"சித்த சும்மா இரு. கேக்கு வந்திருச்சல்லோ" என்றார் சம்பந்தி.

பாடகன் காலண்டர் தாளோடு இறங்கி வந்தான். மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்துப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தான். ஒன்பது பெயர். தொழில் தெரிந்தவன், ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டான். "பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் நம்முடைய பர்த்டே ஸ்டார்..." என்று சம்பந்தியின் பெயரை, அப்துல் ஹமீதே கேட்டால் தலையசைத்திருப்பார், அப்படி ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். ஊரை இரண்டாம் முறையும் சொன்னான். மௌன ராகம் பாட்டை முழுசாக, சரணம் இரண்டும் விடாமல், சம்பந்தியின் தோளில் ஒரு கையை வைத்தபடி பாடினான். மொத்த ரெஸ்டாரண்டும் திரும்பிப் பார்த்தது. சம்பந்தி எழுந்து நின்று எல்லா மேஜைக்கும் ஒரு கும்பிடு போட்டார். ஐ.டி. மேஜையிலிருந்து இரண்டு பேர் வந்து கைகுலுக்கி, "ஹேப்பி பர்த்டே அங்கிள்" என்றார்கள். சின்னப் பெண் தன் கேக்கிலிருந்து ஒரு துண்டு கொடுத்தனுப்பினாள்.

நம்மவர் கைதட்டினார். தட்டித்தான் ஆக வேண்டும், பெண் கொடுத்த இடம். ஆனால் அந்தக் கைதட்டலில் சத்தம் வரவில்லை.

அந்த ஆத்திரம் பில்லில் இறங்கியது. தோல் உறையைத் திறந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற ஹோட்டலுக்குள் உட்கார்ந்து தின்றால் அவ்வளவுதான், அதே நானைத் தெருவோர ரெஸ்டாரண்டில் தின்றால் 5. அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் 920 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. நம்மவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. அது கட்டாயமில்லை என்று 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியை செல்ஃபோனில் தயாராக வைத்திருந்தார். கேப்டன், அவனுக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே கோட் போட்ட ஒருவர் என்று மூன்று பேர் வந்து போனார்கள். பில் திரும்பப் போய், அந்த வரி இல்லாமல் வந்தது. பாட்டுக்குத் திரும்பாத தலைகள் சில இதற்குத் திரும்பின.

எழுந்து போகும்போது மேடைப் பக்கம் ஒதுங்கினார். இரண்டு ஐநூறு ரூபாய்த் தாளை நாலாக மடித்து, பாடகன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "நல்லாப் பாடினே. அடுத்த தடவை பேரை எல்லாம் வாசிச்சுட்டுப் பாடு. நான் ஏழாம் நம்பர் மேஜை." பையன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

"தொள்ளாயிரத்துச் சொச்சத்தை மல்லுக்கட்டி வாங்கி, ஆயிரமாக் குடுத்தாச்சு" என்றார் மனைவி, பொதுவாகக் காற்றைப் பார்த்து.

வாசலில் கார் வருவதற்காக நின்றோம். மிச்ச கேக்கைக் கட்டிய அட்டைப்பெட்டி சம்பந்தி கையில் இருந்தது. அந்த மனிதர் ஆளே மாறிப் போயிருந்தார். கைதட்டல் என்பது யாருக்கும் முதல் தடவையிலேயே பிடித்துப்போகிற வஸ்து.

"சம்பந்தி, அடுத்த மாசம் நம்ம செலவுங்க. ஈசிஆர்ல ஒரு இடம் இருக்குதாமா, நம்ம பையன் சொன்னான். அங்கெல்லாம் சீட்டுக் குடுத்துட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதில்லீங்க. மைக்கை நம்ம கையிலயே குடுத்துருவாங்களாமா. நாமளே பேரைச் சொல்லி, நாமளே பாடிக்கலாம்."

"கரோக்கியா?" என்று கேட்ட நம்மவர் முகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. "என்னிக்குப் போகலாம்? சொல்லுங்க."

"தேதியை முன்னாடியே சொல்லிடுங்க" என்றார் அவர் மனைவி. "அன்னிக்கு எனக்கு ஏகாதசி."